டொக்டர் சொன்னதில் நான் விட்டது

எங்கள் தோட்டத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவளுக்கு ஓய்வே கிடையாது. யட்டியாந்தோட்டைக் கடையொன்றில் ஆறு வருடம் துணி மடித்து நான் கற்ற சிங்களத்தை, பொலிஸ், தபால், ஆஸ்பத்திரி என்று லயத்து வீடுகள் எல்லாமே இரவல் வாங்கும். நானும் கொஞ்சம் பெருமையோடுதான் போவேன். அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது அத்தானுக்கு நெஞ்சுவலி வந்த பிறகுதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்து ரப்பர் பால் வெட்டப் பழகியவர். சிங்களம் அரிசி, பருப்பு வாங்கும் அளவுக்குத்தான் வரும். மலையில் பால் வாளியோடு சாய்ந்தவரை ஆஸ்பத்திரியில் எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் கிளினிக்குக்கு நான் கூடப் போனேன்.

டொக்டர் இளம் வயதுக்காரர். சுற்றி வளைக்காமல் சிங்களத்தில் சொன்னார். புருஷன் பெண்சாதியாக முன்போலவே இருக்கலாம். இரண்டு மாடி ஏறி நெஞ்சு வலிக்காமல், மூச்சு வாங்காமல் இருந்தால் பயமில்லை. ஒரு மாத்திரையால் சிலருக்கு அந்த விஷயத்தில் தளர்ச்சி வரும். வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் என்னிடம் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன். அதற்கென்று பாமசியில் விற்கும் மாத்திரையை மட்டும் தானாக வாங்கிப் போடக் கூடாது, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நன்றாக விளங்கப்படுத்துங்கள் என்றார்.

அத்தான் என் வாயைப் பார்த்தார். அத்தானும் கொழுந்தியாளும் கேலி பேச எங்களில் வரம்பே இல்லை. நானும் அவருக்குச் சளைத்தவள் அல்ல. ஆனால் அன்று என் வாயில் கொழுக்கட்டை.

"பாரம் தூக்கக் கூடாதாம். மாத்திரைய ஒழுங்கா போடணுமாம்," என்றேன்.

"அம்புட்டுத்தானா? ரொம்ப நேரம் பேசுனாரே."

"சிங்களத்துல சொன்னா நீளமாத்தான் வரும் அத்தான்."

அவர் சிரித்தார். நம்பிவிட்டார்.

மறுநாள் பீலியில் விழும் தண்ணீரில் துணி கும்மிக்கொண்டிருந்த அக்கா, தலை நிமிராமல் கேட்டாள்: "வேற ஏதாச்சும் சொன்னாரா? வீட்டு விசயம் மாதிரி?"

எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று பிள்ளை பெற்றவள் நான். "எதுக்கும் கவனமா இருந்துக்கக்கா," என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொன்ன மாதிரிதான்.

கொஞ்ச நாளில் அக்காவின் பாய் அடுப்படிக்கு மாறியது. அத்தான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றில் உப்புக் குறைந்ததற்கெல்லாம் சண்டை. நோய்க்காரர் கோபம் என்று நானே தீர்ப்பும் சொன்னேன்.

ஒரு வருடம் போனது. கிளினிக்கில் பிரஷர் ஏறிக் கிடந்தது. மாத்திரை போடுகிறாரா என்று டொக்டர் கேட்டதை அத்தானிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு மாசமா விட்டுட்டேன். அத போட்டதுலருந்து ஒடம்பு ஆம்பள ஒடம்பா இல்ல. மறைக்காம சொல்லு."

இந்தத் தடவை எதையும் விடாமல் டொக்டரிடம் சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்தி, "முதல் நாளே சொன்னேனே," என்றார்.

அந்தச் சிங்களம் அத்தானுக்கு விளங்கிற்று. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கேயே திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மருந்தை மாற்றி எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். மாத்திரையை விட்ட அந்த இரண்டு மாதத்தில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், கொன்றது என் வெட்கம்தான். வழி முழுக்க எனக்கு வேறு நினைப்பு வரவில்லை.

அன்று பின்னேரமே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றுபோனது.

"அவரு கை பட்டாலே எந்திரிச்சு அடுப்படிக்கு வந்துருவேன். நெஞ்சு நின்னுரும்னு பயம். தன்னால முடியலன்னுதான் நான் வெறுத்துப் போறேன்னு அவரு நெனச்சிருக்காரு. அதுக்குத்தான் மாத்திரைய விட்டிருக்காரு."

அக்கா கையில் ஒட்டிய மாவை ஒவ்வொரு விரலாக வழித்தாள்.

"அன்னைக்கு பீலியில நான் வெக்கத்த விட்டுட்டுத்தானே ஒங்கிட்ட கேட்டேன்," என்றாள். "நீ எதுக்குடி வெக்கப்பட்ட?"