டிரில் சார் பார்க்காத இறுதி ஆட்டம்

டிரில் சார் எங்கள் வீட்டைத் தேடி முதன்முதலில் வந்தபோது நைனா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சார் வண்டியைப் பாதையோரம் நிறுத்தி, பேண்டை முழங்கால்வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார். வாத்தியார் ஒருவர் கரும்புக் கொல்லைக்குள் வருகிறார் என்றால் மகள் ஏதோ செய்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். நைனா என்னை முறைத்துப் பார்த்தார்.

"திருப்பதியில கோ-கோ போட்டி. உங்க பாப்பா வரணும்" என்றார் சார்.

"பொட்டப் புள்ளைங்க அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு சார்? கைய கால ஒடச்சிக்கினா எலும்புக் கட்டு கட்ட புத்தூருக்குத் தூக்கிக்கினு ஓடறது யாரு?"

"ஒடஞ்சா நானே இட்டுகினு போயி கட்டு போட்டுக்கினு வரேன். என் ஊடு புத்தூர்லதான் கீது."

நைனா மாட்டேன் என்றார். சார் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். பள்ளி இருந்த பாலசமுத்திரத்தைச் சுற்றி எங்கள் அணிப் பெண்களின் வீடுகள் எத்தனையோ, அத்தனைக்கும் இப்படித்தான் அலைந்துகொண்டிருந்தார். முடியாது என்ற சொல் மட்டும் அவர் காதில் விழாது. கடைசியில் நைனாதான் அலுத்துப்போய், "சரி, பொழுது எறங்கறதுக்குள்ள ஊட்ல கொண்டாந்து உட்டுடணும்" என்றார்.

சாருக்கு அப்போதே சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு இது தெரியும். எட்டாம் வகுப்பில் இருந்த எங்களுக்குச் சொன்னதெல்லாம், சாருக்கு உடம்பு சரியில்லை, மருந்துக்குப் போகிறார் என்பதுதான். காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதுபோல அதை நாங்கள் நினைத்துக்கொண்டோம். வெயிலில் எங்களைத் தண்ணீர் குடி, குடி என்று விரட்டுகிறவர், தான் மட்டும் ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். அவர் உடம்பில் சேரும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை என்பது தெரியாமல், அதை ஒரு ஸ்டைல் என்று எண்ணி நாங்களும் கொப்பளித்துத் துப்பிப் பழகினோம். அதற்கு மட்டும் திட்டு விழும்.

எங்கள் பள்ளி மைதானம் பாதி சரளைக்கல். தினமும் பயிற்சிக்கு முன்னால் எல்லோரும் குனிந்து கல் பொறுக்க வேண்டும். மறுநாள் அதே அளவு கல் எங்கிருந்தோ முளைத்திருக்கும். தைல மரக் கம்பு இரண்டை இரு முனையிலும் நட்டு, அதற்கிடையே எங்களைத் துரத்தியும் உட்காரவைத்தும் எழுப்பியும், முட்டி தேயத் தேய ஓடவைத்தார். மெஷினுக்காக ஊசி குத்தும் இடது கையை மட்டும் அதிகம் அசைக்காமல் உடம்போடு வைத்திருப்பார். விசில் வலது கையில்.

திருப்பதியில் முதல் நாள் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தோம். பொழுது இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை இறுதி ஆட்டம். சாருக்கு மெஷினில் படுக்க மதியம் இடம். ஆட்டத்தை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் எங்களோடு கைகுலுக்கி ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய பெரிய மனிதர் ஒருவர் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மைக்கில் அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியபிறகுதான் வந்தார், குலுக்கினார், போனார்.

பாதி ஆட்டம் முடிந்தபோது எதிரணி இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தது. நாங்கள் சாரைச் சூழ்ந்து நின்றோம். அவர் முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்து, "கம்பத்துக்கிட்ட திரும்பறப்ப நீ தரையப் பாக்கற. ஆளப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து பார்த்து, அங்கிருந்து நேராக வருகிறார் போலிருந்தது.

"ஏமண்டி, மணி இன்னா ஆச்சு? பெட்டுல வேற ஆளப் படுக்க வெச்சிடுவாங்க!"

"இன்னும் பாதிதான் கீது. முடிச்சிட்டு வந்துடறேன்."

"முடிஞ்சப்புறம் நீங்க இருக்க வாணாமா?"

அந்தக் கேள்வி எங்களுக்கு வெறும் சண்டைபோலத்தான் கேட்டது. அந்தம்மா சாரின் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினார். சார் தலையை வெளியே நீட்டி, "ஆளப் பாருங்க!" என்று கத்தினார். ஆட்டோ போய்விட்டது.

எங்களுக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. துணைக்கு வந்திருந்த கணக்கு டீச்சருக்குக் கோ-கோவில் கோ என்ற எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்கள் கேப்டன் ரிப்பனை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சார் இல்லன்னா இன்னா? சொல்லிக்குடுத்தது நம்ம கிட்டதான கீது. வாங்கடி" என்றாள்.

எதிரணி எங்களைத் துரத்தியது. ஒவ்வொருத்தியும் மூச்சு முட்டும்வரை ஓடினோம், ஒரே ஒருத்திதான் பிடிபட்டாள். பிறகு எங்கள் கடைசித் துரத்தல். வரிசையில் உட்காரும்போது பார்த்தேன், சாரின் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில்தான். சாரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். காதில் போன். வாய் ஓயவில்லை.

"பாருடி, சார அங்க தள்ளிட்டு இது இங்க வந்து யார்கிட்டயோ கத பேசிக்கினு கீது" என்றாள் கேப்டன். எல்லோரும் அவரை முறைத்தோம். அந்தக் கோபம் காலில் இறங்கியதோ என்னவோ, அன்று ஓடியதுபோல நான் அதற்குமுன் ஓடியதில்லை. கம்பத்துக்கிட்ட ஆளைப் பார்த்தேன். பாய்ந்து ஒருத்தியைத் தொட்டேன், முழங்கை தோல் உரிந்தது. இன்னொருத்தியைக் கேப்டன் தொட்டாள். கடைசிப் பெண் என் விரல் நுனிக்கும் அவள் பின்னலுக்கும் நடுவே காற்று மட்டும் இருக்கும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். ஒரே ஒரு பாயிண்ட்டில் தோற்றோம்.

மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றோம். இடது கையில் புதுக் கட்டோடு சார் வந்தார். திட்டவில்லை. "நேத்து நீங்க ஜெயிச்சிட்டதாத்தான் எனக்குச் சேதி வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்தார். சிரிப்பு அடங்கவே நேரமானது. எங்களைத் தேற்றுவதற்காக ஏதோ சொல்கிறார் என்று நினைத்தோம். "கல்லு பொறுக்குங்க" என்றார். பொறுக்கினோம்.

அடுத்த வருடம் அந்தக் கோப்பையை வாங்கினோம். அந்த ஆட்டத்தை அவர் முழுதாக இருந்து பார்த்தார். அதன்பிறகும் சில வருடங்கள், மெஷினில் படுக்காத நாளெல்லாம் மைதானத்தில் நின்றார். எங்களுக்குப் பின்னால் வந்த பெண்களின் வீடுகளுக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் இறந்துபோனார். காரியம் முடிந்து ஒரு நாள் கேப்டனும் நானும் புத்தூருக்குப் போனோம். அந்தம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். என்னைப் பார்த்து, "நீ முட்டிக்கையில ரத்தம் வழிய ஓடனியே, அந்தப் பொண்ணுதான?" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "அன்னிக்கு ஊசி குத்தவே உடல மனுசன். நீ போயி புள்ளைங்களப் பாத்துச் சொன்னாத்தான் படுப்பேன்னுட்டாரு. இந்த ஆட்டம் எனக்கு இன்னா தெரியும்? பச்ச ரிப்பன் ஓடுது, குண்டா கீற பொண்ணு எழுந்துக்கிச்சு, ஒண்ணு கீழ உழுந்துடுச்சுன்னு கண்ணுல பட்டதெல்லாம் போன்ல சொன்னேன். கம்பத்துக்கிட்ட யாரு, கம்பத்துக்கிட்ட யாருன்னு அவரு அங்கேர்ந்து என் உசுர எடுத்தாரு."

கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விசிலு ஊதனதும் நீங்கல்லாம் அழுதுக்கினு நின்னீங்க. தோத்துட்டாங்கன்னு எனக்கே புரிஞ்சிடுச்சு. ஆனா இன்னும் மூணு மணி நேரம் அவரு மெஷின்ல படுத்துக்கினு இருக்கணும். ஜெயிச்சிட்டாங்கன்னுட்டேன். பக்கத்து பெட்டுக்காரங்ககிட்டயெல்லாம் எம்புள்ளைங்க ஜெயிச்சிட்டாங்கன்னு சொன்னாராம், நர்ஸு சொல்லிச்சு."

தோற்ற அந்த நாளில், திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி அறை முழுக்க நாங்கள் ஜெயித்திருந்தோம். சாரைப் பறித்துக்கொண்டு போனவள் என்று அந்தம்மாவை முறைத்துக்கொண்டே பஸ் ஏறிய எங்களுக்கு அது தெரியவில்லை.