அப்பா கையெழுத்திட்ட என்.ஓ.சி.

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த அஞ்சலி மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். வீட்டின் பின்பக்கம் போனவர்கள் அடுக்களைச் சுவரில் சிவப்புப் பெயின்டால் போட்ட அம்புக்குறியைப் பார்த்திருப்பீர்கள். அது என்னவென்று அம்மாவிடம் கேட்க வேண்டாம். கேட்டால் அன்றைக்கு அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. நானே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அப்பா தைரியசாலி என்று ஒரு வரி சேர்க்கும்படி அச்சகத்தில் சொன்னார்கள். எல்லா மலரிலும் அப்படித்தான் போடுவார்களாம். நான் போட மாட்டேன். அப்பா பயந்த மனிதர். லிஃப்டுக்குப் பயம், சாலையில் இருக்கும் கேமராவுக்குப் பயம், அரபியில் எழுதிய எந்தத் தாளுக்கும் பயம். பயந்துகொண்டே எங்களைப் படிக்கவைத்தார், பயந்துகொண்டே இந்த வீட்டைக் கட்டினார். பயந்தவர் செய்த காரியம் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

அவர் பிறந்தது இதே மனையில்தான். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊர்க் குளம் என்பது குளிக்கிற குளமல்ல, ஏரி. மழைக்காலத்தில் மறுகரை கண்ணுக்குத் தெரியாது. மனைக்கு எங்கள் பெயரில் பட்டா உள்ளது. பின்பக்கம் தென்னைகளைத் தாண்டி எல்லைக் கல் இருக்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் அரசாங்கத்தின் குளம், இந்தப் பக்கம் எங்கள் வீடு. முன்பெல்லாம் தண்ணீர் ஒருபோதும் அந்தக் கல்லைத் தாண்டியதில்லை.

இளம் வயதிலேயே அப்பா துபாய்க்கு வடக்கே இருக்கும் ராஸ் அல் கைமாவுக்குப் போனார். டைல்ஸ் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, அதன் அருகிலேயே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப். ஒருமுறை அபுதாபிப் பக்கம் ருவைஸில் நல்ல வேலை கிடைத்தது. வேலை மாற வேண்டுமானால் பழைய கம்பெனி என்.ஓ.சி. தர வேண்டும், அதாவது இவர் போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி தரவில்லை. அப்பா எத்தனையோ தடவை ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தார். "மாஃபி", அதாவது இல்லை, என்ற ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து என்.ஓ.சி. என்றால் மேலே இருக்கிறவர்கள் மனமிரங்கிக் கீழே இருக்கிறவனுக்குக் கொடுப்பது என்று அப்பா மனதில் பதிந்துவிட்டது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நான் நர்ஸாகி அதே ஊருக்கு வேலைக்குப் போன பிறகுதான் அப்பாவோடு சேர்ந்து சாப்பிடும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் கேம்ப் பக்கத்தில் செய்யது காக்கா நடத்தும் சின்னக் கடையில் பார்த்துக்கொள்வோம். காக்கா காயல்பட்டினத்துக்காரர், அப்பாவுக்கு மூத்தவர், கூடப்பிறந்த அண்ணனைப் போல இருந்தவர்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அப்பா கையில் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"மக்களே, குளத்து டிபார்ட்மென்ட்ல இருந்து என்.ஓ.சி. வந்தாச்சு. நம்ம வீட்டுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதியிருக்கு. இனி ஒரு பேடியும் இல்ல." எங்கள் ஊரில் பிள்ளையை மக்களே என்போம், பயத்தைப் பேடி என்போம்.

குளக்கரை வீடுகளை இடிக்கப் போவதாகச் சில மாதங்களாகவே ஊரில் பேச்சு இருந்தது. அந்த நேரத்தில்தான் குளத்தைப் பராமரிக்கும் துறையின் ஆட்கள் வீட்டுக்கு வந்து, "என்.ஓ.சி.ல வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்று அம்மாவிடம் தாளைக் கொடுத்தார்கள். தங்கை அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப, அப்பா பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு, லீவில் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பியும் விட்டார். தமிழ்த் தாள்தான், படிக்காமல் போடவில்லை. "ஆட்சேபணை இல்லை" என்ற வார்த்தையைப் பார்த்ததும் பாவம் மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்கு ஆட்சேபணை இல்லை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

காக்கா அப்பாவின் போனை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"தம்பி, இது அவங்க ஒங்களுக்குத் தர்ற என்.ஓ.சி. இல்ல. நீங்க அவங்களுக்குக் குடுத்த என்.ஓ.சி."

குளத்தின் நீர்மட்டத்தை உயர்த்தப் போகிறார்கள், புது எல்லை எங்கள் அடுக்களைச் சுவர் வரை வரும், "அதற்கு மனை உரிமையாளரான எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பதன் கீழேதான் அப்பாவின் கையெழுத்து. அந்தத் தாளில் இருந்தது அவ்வளவுதான். துறையின் ஆட்கள் அடுக்களைச் சுவரில் போட்ட சிவப்பு அம்புக்குறியும் அந்தப் புது எல்லைக்கு அடையாளம்தான். அப்பா அல்வாவைப் பிரிக்காமல் அப்படியே மேசையில் வைத்தார்.

நாகர்கோவிலில் இருக்கும் ஒரு பெண் வக்கீலிடம் போனில் பேசினோம். வக்கீல் அம்மா கோபப்படாமல் விளக்கினார். "குளத்தைப் பராமரிக்கிற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. ஆனா பட்டா நிலம் ஒங்களுக்குச் சொந்தம். அதுல தண்ணி நிக்கணும்னா ஒங்களக் கேக்கணும், ஒங்கள முன்னால வச்சு அளக்கணும், நிலத்த எடுத்தா இழப்பீடு தரணும். அவங்க கேட்டாங்க. நீங்க சரின்னுட்டீங்க. இப்ப அந்தக் கையெழுத்த வாபஸ் வாங்கணும்."

வாபஸ் மனுவில் தூதரக அலுவலகத்தின் சான்றொப்பம் வாங்கி ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்பாவோடு நானும் போனேன். "எனக்கு ஆட்சேபணை உண்டு" என்று தன் கையால் எழுதிவிட்டு, யாராவது திட்டப்போகிறார்களோ என்று அப்பா சுற்றிலும் பார்த்தார். வாழ்நாளில் அவர் யாரையும் எதிர்த்து எழுதிய ஒரே வரி அதுதான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. வளைகுடாவில் ஒருவன் பெயரில் கேஸ் இருந்தால் ஏர்போர்ட்டில் பிடித்து வைப்பார்கள். அப்பா அதை ஊருக்கும் பொருத்திக்கொண்டார். அரசாங்கத்தை எதிர்த்து மனுக் கொடுத்தவனைத் திருவனந்தபுரத்தில் இறங்கியதும் போலீஸ் கொண்டுபோய்விடும் என்று நம்பினார். அது அந்த மாதிரிக் கேஸ் இல்லை என்று வக்கீல் அம்மா சொன்னார், காக்கா சொன்னார், நானும் சொல்லிப் பார்த்தேன். "சரி மக்களே" என்பார். டிக்கெட் மட்டும் போட மாட்டார். வந்த லீவையெல்லாம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்.

வாபஸ் மனுவை வைத்து வக்கீல் அம்மா போட்ட வழக்கின் விசாரணை முடியும் முன்பே மழைக்காலம் வந்தது, தண்ணீரைத் தேக்க மதகுச் சுவரையும் உயர்த்திவிட்டார்கள். அம்மா வீடியோ காலில் பின்வாசலைக் காட்டினார். எல்லைக் கல்லைக் காணவில்லை. தென்னைகள் தண்ணீருக்குள் நின்றன.

"எனக்குப் பேடியாட்டு இருக்கு. தண்ணி அடுக்களப் படிக்கு வந்தாச்சு."

"நீயும் மோளும் பள்ளிக்கூடத்துல போய்த் தங்குங்க. வீடு போட்டும்," என்றார் அப்பா.

"வீட்ட விட்டுட்டுப் போனா ஆளில்லாத வீடுன்னு எழுதிக்கிடுவாங்க. நான் போகமாட்டேன்."

அந்தத் தடவை தண்ணீர் படியோடு நின்றது. ஆனால் அப்பாவுக்கு மழை என்றாலே ஆகாமல் போய்விட்டது. ராஸ் அல் கைமாவில் எப்போதாவது மழை பெய்தால் கேம்ப் பையன்கள் மலையடிவாரத்தில் ஓடும் வெள்ளத்தைப் பார்க்கக் கிளம்புவார்கள். அப்பா ரூமிலேயே இருந்துகொண்டு அம்மாவுக்குப் போன் போடுவார். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

அப்படியே ஒருநாள் டியூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேரும்போது உடம்பில் சூடு இருந்தது. என் கைகளுக்குத் தெரிந்த வேலை எதுவும் அன்றைக்கு உதவவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவர மனைவியின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கம்பெனி அனுப்பிய நகலில் அதே வார்த்தை இருந்தது: என் கணவரின் உடலை அனுப்பிவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைப் பார்த்ததும் அம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"ஒங்க அப்பா இந்த வார்த்தைக்குக் கீழ கையெழுத்துப் போட்டுதான் இந்தக் கதி வந்துது. நான் போடமாட்டேன்."

பங்குத்தந்தை சொல்லியும் கேட்கவில்லை, தங்கை அழுதும் கேட்கவில்லை. அப்பா பிணவறையில் கிடந்தார். அம்மா கையெழுத்துப் போடவே மாட்டாரோ, அப்பா பயந்த மாதிரியே ஊர் வந்து சேராமலேயே போய்விடுவாரோ என்று எனக்கும் பயம் பிடித்தது. கடைசியில் போனில் அந்தத் தாளை ஒவ்வொரு வார்த்தையாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். யார், யாருக்கு, எதற்கு என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தன் கையால் ஒரு வரியும் சேர்த்தார்: "இவரக் கொண்டு வாறதுக்கு மட்டும் ஆட்சேபணை இல்லை. எங்க வீட்டுக்கு உண்டு."

இதற்காகத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டே நீட்டினேன். தூதரகக் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், முத்திரையைக் குத்தினார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கள் முதல் நன்றி அவருக்கு. பெட்டியோடு விமானத்தில் கூடவே வந்த செய்யது காக்காவுக்கும், அப்பாவை வழியனுப்ப டியூட்டி மாற்றிக்கொண்டு வந்த கேம்ப் தோழர்களுக்கும், கட்டணம் வாங்காமல் இன்றும் வழக்கை நடத்தும் வக்கீல் அம்மாவுக்கும், அடக்கத்தன்று உடனிருந்த பங்கு மக்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். திருவனந்தபுரத்தில் அப்பாவை யாரும் பிடித்து வைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.

வழக்கு முடியவில்லை. திரும்பவும் மழை தொடங்கியிருக்கிறது. நான் அடுத்த வாரம் டியூட்டிக்குத் திரும்ப வேண்டும், தங்கைக்கும் வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் உடனே கிளம்ப வேண்டாம். எல்லோரும் பின்வாசலுக்குப் போய் அந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசிக்கொண்டிருங்கள். இது ஆள் இருக்கிற வீடு என்று குளத்துப் பக்கம் கேட்கட்டும். அம்மாவுக்கு இன்றைக்காவது பேடி குறையும்.