செல்லாத்தாள் அம்மா கட்டிய எலாஸ்டிக்

சனிக்கிழமை மதியம் கம்பெனியில், செக்கிங் டேபிளில், ஒரு டி-ஷர்ட்டின் கழுத்துத் தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளகோவிலிலிருந்து போன். செல்லாத்தாள் அம்மாவின் மகள் மல்லிகா. “அக்கா, அம்மா போயிட்டாங்க. சாப்புட்டுட்டுப் படுத்தாங்க, எந்திரிக்கவே இல்லீங்க” என்றார். கையிலிருந்த டி-ஷர்ட்டை நல்லதில் போட்டேனா கழிவில் போட்டேனா என்று இன்னமும் எனக்குத் தெரியாது. “நாளைக்கு ஞாயித்துக்கெழமையாச்சே” என்பதுதான் என் வாயில் வந்தது. மல்லிகாவுக்கு அது புரிந்திருக்காது. இதைப் படிப்பவர்களுக்காவது புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செல்லாத்தாள் அம்மா என் வீட்டுக்கார அம்மா. வீரபாண்டியில் கீழ்வீட்டில் அவர், மாடியில் நான். கணவர் காலமாகி, ஒரே மகளையும் கட்டிக் கொடுத்தபின் அவர் தனியாள். எனக்கும் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் ஒண்டிக்கொண்டவள். அவரைத் தெரிந்தவர்கள் கறார்க்காரி என்பார்கள். பொய்யில்லை. வாசல் கோலத்தை மிதித்தவரைக் கூப்பிட்டு நிறுத்தி, “ஏனுங்க, கண்ணு பொறகாலயா இருக்குது?” என்று கேட்பார். திட்டிலும் மரியாதை குறையாது.

குடிவந்த அன்று, “மேல வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கம்மா” என்று அழைத்தேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார். “அதெல்லாம் ஆகாதுங்க. ஊட்டுக்காரி சோலியில்லாம குடியிருக்கறவங்க படி ஏறுனா, வேவு பாக்க வர்றாள்னுதான் பேரு வரும். எங்க மாமியா அப்படித்தான் ஏறி ஏறி எறங்கி, குடியிருந்த புள்ளய அழ வெச்சுட்டாங்க. நான் ஏற மாட்டேனுங்க.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முருங்கைக்காய் கொடுப்பதென்றாலும் முதல் படியில் வைத்துவிட்டு, மேலே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். நான் இறங்கிப் போவதற்குள் கதவு சாத்தியிருக்கும். ஒரு வருஷத்துக்கும் மேலாக நாங்கள் பேசியதெல்லாம் மாடிப்படியின் இரண்டு முனைகளில் நின்றுதான். சாயங்காலம் அவர் வீட்டு டிவி கேட்கும், என் வீட்டு மிக்ஸி அவருக்குக் கேட்கும். இரண்டு பேருமே வேறு பேச்சுத் துணை இல்லாதவர்கள்.

பிறகு என் ஃபிளஷ் டேங்க் கெட்டது. எங்கள் பகுதி போர்த் தண்ணீர் உப்பு. டேங்க் நிரம்பினால் உள்ளே மிதக்கும் பந்து மேலே வந்து வால்வை அடைக்க வேண்டும். வால்வில் உப்பு ஏடேடாகப் படிந்து, அடைக்கவே மாட்டேனென்றது. நிரம்பிய பின்னும் தண்ணீர் வந்துகொண்டேயிருந்து, வழிந்து கக்கூசுக்குள்ளேயே ஓடியது. இரண்டு வீட்டுக்கும் மேலே ஒரே தொட்டி. நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் தொட்டி காலி. “ப்ளம்பரக் கூப்பிடுதேம்மா” என்றேன்.

“ப்ளம்பரெல்லாம் என்னத்துக்குங்க? நானே வந்து பாக்கறேன்” என்று அன்றுதான் முதன்முதலாகப் படியேறினார்.

கையில் ஓர் எலாஸ்டிக் துண்டு. ஜட்டி இடுப்பில் வைத்துத் தைப்பார்களே, அதில் மிஞ்சிய வெட்டு. இந்தப் பனியன் ஊரில் தக்காளிச் செடியைக் கட்டவும் அதுதான், உடைந்த கேட்டைக் கட்டவும் அதுதான். டேங்க் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். பந்தின் கம்பியை எலாஸ்டிக்கால் இழுத்து மேலே போகும் குழாயில் கட்டினார். அந்த இழுப்பில் வால்வு இறுகி, தண்ணீர் நின்றது. “ஒரு வாரம் தாங்குமுங்க” என்றார்.

அவர் சொன்னது போல ஒரு வாரம்தான் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை எலாஸ்டிக் தொய்ந்து, தண்ணீர் மறுபடி ஓடியது. அவர் மறுபடி ஏறி வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். முதலில் பாத்ரூம் வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். அப்புறம் சமையலறை நிலைப்படி. அப்புறம் என் கட்டில். “இவ்வளவு இஞ்சி போட்டா தொண்ட எரியாதுங்களா?” என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் டீ குடிப்பார். ‘ஏனுங்க’ என்றவர் எந்த ஞாயிற்றிலிருந்து என்னைக் ‘கண்ணு’ என்றார் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. முழங்கால் வலியோடு படியேறி வந்து, தண்ணீர் நின்று வெகு நேரம் கழித்துத்தான் இறங்குவார்.

கம்பெனியில் என்னைக் கேலி செய்யாதவர் இல்லை. ஒரு தையல் விட்டிருந்தாலும் திருப்பி அனுப்புகிற செக்கிங்காரி வீட்டு டேங்க், ஜட்டி எலாஸ்டிக்கில் தொங்குகிறதாம்! எனக்கும் ரோஷம் வந்து, நல்ல அகலமான, புத்தம்புது எலாஸ்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார். விட்டுப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது ரொம்ப நல்லா இருக்குது கண்ணு. வேண்டாம்.”

கஞ்சத்தனத்தில் இது என்ன தினுசோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இழுவை செத்துப்போன பழைய துண்டுகளாகத் தேடித் தேடித்தான் அவர் கொண்டுவருவார்.

கடைசியாக நோம்பித் திருவிழாவுக்கு மகள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கிளம்பும் முன்பும் ஏறி வந்து கட்டிவிட்டுப் போனார். “ஞாயித்துக்கெழம காலைல வந்துருவேன். இஞ்சியக் கொறச்சுப் போடு” என்றார். சனிக்கிழமை சாயங்காலமே அவரைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள்.

மூன்றாம் நாள் காரியத்தன்று கீழ்வீட்டில் காலையிலிருந்து ஒத்தாசையாக நின்றேன். பாத்ரூம் போக மாடியேறப் போனவளை மல்லிகா, “எதுக்குங்க்கா, இங்கயே போங்க” என்று நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் அந்தப் பாத்ரூமுக்குள் நான் போக வேண்டி வந்ததே இல்லை. ஃபிளஷை அழுத்தினேன். தண்ணீர் ஏறியது. ‘டக்’ என்று நின்றது. அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. என் வீட்டில் இருப்பது போலவே அதே டேங்க்தான். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எலாஸ்டிக்கும் இல்லை, பந்தும் இல்லை. புது மாதிரி வால்வு ஒன்று வெள்ளையாக நின்றது.

வெளியே வந்து மல்லிகாவிடம் கேட்டேன். “அதுங்களா? மாத்தி ரொம்ப நாளாச்சுங்க்கா. பத்தே நிமிஷத்துல மாட்டிட்டாங்க. மேலயும் மாத்திரட்டுங்களான்னு ப்ளம்பர் கேட்டாரு. அம்மாதான், அது கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்னு அனுப்பிட்டாங்க” என்றார்.

சோலியில்லாமல் படி ஏற மாட்டேன் என்றவர், ஒரு சோலியை வாராவாரம் கட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். துணி மடிக்கப் போகிற சாக்கில் உள்ளறைக்குப் போய் அழுதேன். அவரைக் கிடத்தியிருந்த அன்றுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை எலாஸ்டிக் வழக்கம்போலத் தொய்ந்தது. தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். படியில் காலடி கேட்காது என்று தெரிந்தும் காது அங்கேயேதான் இருந்தது. தொட்டி காலியானால் அவருக்குப் பொறுக்காதே என்று பிறகு ப்ளம்பரை வரச்சொன்னேன். புது வால்வு மாட்டினார். இப்போது என் வீட்டிலும் தண்ணீர் ஏறுகிறது, நிற்கிறது. கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. அவர் கடைசியாகக் கட்டிய துண்டை ப்ளம்பர் குப்பையில் போடப் போனார். வாங்கிப் பிழிந்து, துணிக்கொடியில் காயப்போட்டிருக்கிறேன்.

போய் வாருங்கள், அம்மா. இனி வரும்போது சோலி எதையும் தேடவேண்டாம். சும்மா ஏறி வாருங்கள்.