நம்பருக்குப் பின்னால் வந்த மைனஸ் டி

எண்பதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் எனக்கு வேலை. யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. பூப்போட்டுக் கும்பிட்டார்களே தவிர, அதைத் தொட ஆள் இல்லை. கூட வந்த தடிப் புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டிப் புரட்டி, கட்டளைகளை வரிசையாகக் கோக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுத நானே பழகிக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததில் ஒரு சவுகரியம், திட்டவும் ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் வடக்கே போகும் லாரிக்கு டிரைவர். போனால் நாற்பது நாள். வந்தால் ஒரு பொழுது; மறு லோடு ஏறியதும் கிளம்பிவிடுவார். ஆகவே நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் எதற்காக என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வழியில் உள்ள கிளை ஆபீஸ்காரர்கள் போனில் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்போம். ஸ்கிரிப்ட்டுக்கு வண்டி நம்பரைக் கொடுத்தால், போகும்போது அது கடைசியாகத் தாண்டிய ஊரைச் சொல்லும். ‘மைனஸ் டி’யும் சேர்த்தால், திரும்பும்போது தாண்டிய ஊரைச் சொல்லும். அந்த மைனஸ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை கெட்ஆப்ட்ஸ் என்ற கட்டளையிடம் விட்டிருந்தேன். புத்தகத்தில் இருந்தபடி மைனஸ் டியை முதலில் அடித்துவிட்டுத்தான் நம்பரை அடிப்பேன். வேறு மாதிரி ஒருவர் அடிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு தை மாதம் காய்ச்சலில் லீவு போட்டிருந்தேன். அம்மா தன் ஊரான கெங்கவல்லிக்கு வரச்சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் வருகிற நாளாக இருந்தால் நான் எங்கும் போக மாட்டேன். மருந்துக்கடை போனில் ஆபீசைக் கூப்பிட்டேன். புக்கிங் பார்க்கும் அண்ணன் எடுத்தார்.

“அண்ணா, எங்கூட்டு வண்டி திரும்பிடுச்சுங்களா? மைனஸ் டி போட்டுப் பாருங்க.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பது போனிலேயே கேட்டது.

“நாக்பூர்னு காட்டுது அம்மிணி. உன்ற மாப்பிள்ளை இப்பத்தான் அதைத் தாண்டித் திரும்பறாரு, வர நாலஞ்சு நாளாகும். நீ பொங்கலுக்கு எடுத்து வெச்ச கரும்பு காஞ்சு சோளத்தட்டாயிரும் போ!”

நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தபோது கதவுப் பூட்டில் ஆரஞ்சுப் பழப் பை தொங்கியது. படியில் ஒரு பழத்தின் தோல். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார்.

“நேத்து வந்தாருங்க. படியிலயே உக்காந்திருந்தாரு. சோறு உண்ணக் கூப்பிட்டேன், வரலை. ‘நாந்தான் சொல்லாம கொள்ளாம வந்துட்டனாட்ட இருக்குதுங்க, அவ மேல தப்பில்லை’ன்னு சொல்லிட்டு, பொழுதோட கிளம்பிட்டாரு.”

அவர் திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்ததும் மைனஸ் டி, பிறகு நம்பர் என்று அடித்தேன். திரும்பும்போது ஓசூர் தாண்டியது வந்தது; மறு லோடின் சேதியை இன்னும் யாரும் ஏற்றியிருக்கவில்லை. அண்ணனை அடித்துக் காட்டச் சொன்னேன். அவர் நம்பரை அடித்தார், பிறகு மைனஸ் டி. திரையில் நாக்பூர்.

மைனஸ் இல்லாத முதல் சொல்லைக் கண்டதுமே கெட்ஆப்ட்ஸ் கடையைக் கட்டிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் வந்த மைனஸ் டியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போனபோது வந்த பழைய சேதியையே எடுத்துக் கொடுத்திருக்கிறது.

“ஏனுங்கண்ணா, நம்பரை முன்னால போட்டீங்க?”

“எந்த வண்டின்னு சொல்லாம என்ன சேதின்னு கேக்க முடியுமா அம்மிணி? போன்ல கூப்பிடறவங்க அத்தனை பேரும் நம்பரைச் சொல்லிட்டுத்தான கேக்கறாங்க?”

உண்மைதான். லாரி ஆபீஸ் வழக்கம் அது. இருபது வருஷமாக அவர் அப்படிக் கேட்டே பழகியவர். புத்தகத்தைக் கேட்ட நான், பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கவில்லை.

கெட்ஆப்ட்ஸை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, மைனஸ் போட்டதைத் தனியாகவும் நம்பரைத் தனியாகவும் பிரிக்கும்படி நானே எழுதினேன். எது முன்னால் வந்தாலும் சரி. அரை நாள் வேலை. வீட்டுக்காரர் திரும்பி வர நாற்பத்து மூன்று நாள்.

அந்த நாற்பத்து மூன்று நாளும், படியில் கிடந்த ஆரஞ்சுத் தோல் என் மேஜை டிராயரில் கிடந்து சுருங்கியது. திறக்கும்போதெல்லாம் லேசாக வாசம் வரும். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை மைனஸ் டி அடிப்பேன். திரும்பும் சேதி இல்லாமல் வெகு நாள் திரை வெறுமையாகவே இருந்தது; பிறகு ஒரு நாள் நாக்பூர் வந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் அண்ணன்தான் நம்பரை முன்னால் போட்டு அடித்துப் பார்த்தார்.

“அம்மிணி, ஓசூர் தாண்டிட்டாரு. எந்திரி, எந்திரி, ஊட்டுக்கு ஓடு.”

ஓடினேன். அன்றைக்குக் கடைக்குக்கூடப் போகவில்லை. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த அதே படியில் உட்கார்ந்துகொண்டேன்.