பெயிண்ட் அடித்த கைக்குட்டை

பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் அவருக்குச் சொட்டு சார் என்று பெயர். நிறம் கலக்கும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் போதும் என்று மாதிரிப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரம் பார்த்து, "இன்னும் ஒரு சொட்டு" என்பார். அந்தச் சொட்டு விழுந்து நிறம் மாறியதாக யார் கண்ணுக்கும் பட்டதில்லை. அவர் கண்ணுக்குப் படும். அதனால் அவர் வாழ்க்கையில் எந்தக் காரியமும் சீக்கிரம் முடிந்ததில்லை, கல்யாணம் உட்பட.

ஆய்வகத் தலைவர் ஓய்வு பெற்றதில் அவருடைய சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. முறைப்படி பார்த்தால் அடுத்து சொட்டு சார்தான். ஆனால் முறைப்படி எதையும் பார்க்காத கம்பெனி அது. விற்பனைப் பிரிவிலிருந்து வந்த ஒருவரும் நாற்காலியின் மேல் கண் வைத்திருந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவர் போட்ட சென்ட் வந்துவிடும் என்பதால் அவருக்கு வாசனை என்று பெயர். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்வார்.

யாருக்கு நாற்காலி என்பதை முதலாளி மாலை விருந்தில் அறிவிப்பதாக ஏற்பாடு. விருந்து ஒரு புது நிறத்தின் அறிமுகத்துக்காக. முதலாளியின் மனைவி விமான ஜன்னல் வழியாகப் பார்த்த நிறம். அவர் கையை ஆட்டி ஆட்டி வர்ணித்ததை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கலந்தவர் சொட்டு சார். நீலம் என்றால் இல்லை என்றார் அந்த அம்மாள்; சாம்பல் என்றால் கோபித்துக்கொண்டார். கடைசியில் 'மழைக்கு முந்திய வானம்' என்று பெயர் வைத்து டப்பாவில் அடைத்தார்கள். அழைப்பிதழின் அடியில் ஒரு வரி இருந்தது: ஆண்கள் கோட், டை அணிந்து, கோட்டின் மேல்பையில் புது நிறத்தில் கைக்குட்டை வைத்து வரவும்.

"எதுக்கு, மூக்கு சிந்தவா?" என்று கேட்டாள் மனைவி.

"சும்மா வெளிய தெரியறதுக்கு."

"தெரியறதுக்கு ஒண்ணு, சிந்தறதுக்கு ஒண்ணு. நல்ல கம்பெனி."

விருந்தன்று மத்தியானம் அலமாரியிலிருந்த சட்டைகளெல்லாம் கட்டிலுக்கு இறங்கி வந்தன. வெள்ளை என்று வீட்டில் நம்பப்பட்டவற்றைச் சொட்டு சார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இது மஞ்சள். இதுல நீலம் ஓடுது. இது என்னன்னே சொல்ல முடியல."

"வெள்ளைங்க அது. யாரக் கேட்டாலும் வெள்ளைன்னுதான் சொல்லுவாங்க."

"யாரு வேணாலும் சொல்லுவாங்க."

வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்தாள். "அப்பா, நீங்க எடுக்கறது சட்டை, மாப்பிள்ளை இல்ல. கோட்டுப் பட்டன் போட்டா கழுத்து மட்டும்தான் தெரியும். கழுத்து எது வெள்ளையோ அதப் போடுங்க."

அந்தக் கணக்கில் ஒன்று தேறியது. உடம்பு பழசு, காலர் மட்டும் தையல்காரர் புதிதாக வைத்துக்கொடுத்தது.

டை இரண்டு இருந்தன. ஒன்று கம்பெனி கொடுத்தது, பிரஷ் படம் போட்டது. போட்டால் விசுவாசம் தெரியும். ஆனால் எல்லார் கழுத்திலும் அதே விசுவாசம்தான் தொங்கப்போகிறது. இன்னொன்று கல்யாணத்தின்போது மச்சினனிடம் இரவல் வாங்கியது. குட்டிக் குட்டி நங்கூரங்கள் போட்ட கருஞ்சிவப்பு.

"என் தம்பியோடதையே கட்டுங்க," என்றாள் மனைவி. "கல்யாணத்துலேருந்து கேட்டுட்டே இருக்கான். போட்டோவுலயாவது பாத்துக்கட்டும்."

கைக்குட்டைதான் இழுத்தடித்தது. வாரம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார். ஒரு கடைக்காரர் எடுத்துப் போட்டது கிட்டத்தட்ட அதே நிறம். கிட்டத்தட்ட என்பது சொட்டு சாரின் அகராதியில் வசவு. கடைசியில் ஆய்வகத்திலிருந்து ஒரு சின்ன டப்பாவில் அசல் பெயிண்டையே கொண்டுவந்து, வெள்ளைக் கைக்குட்டை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் அடித்து, பால்கனிக் கொடியில் காயப்போட்டிருந்தார்.

காய்ந்ததும் அது தகடாகிவிட்டது. மகள் விரலை மடக்கித் தட்டினாள். சத்தம் கேட்டது.

"இது கைக்குட்டையாப்பா, கதவா?"

மடித்ததில் விளிம்பு வெடித்தது. அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய பிரஷால் பூசி, ஊதி ஊதி ஆற்றினார்.

"நிறம் சரியா இருக்கா?"

"நிறத்துக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் மனைவி.

"அவ்வளவுதான் வேணும்."

விருந்து மண்டபத்தின் எதிர்ச்சுவர் முழுக்கப் புது நிறம் அடித்திருந்தார்கள். கூரையில் மஞ்சள் விளக்குகள். ஆண்களின் நெஞ்சில் ஆளுக்கொரு வானம். ஒருவருடையது பச்சை, ஒருவருடையது ஊதா. கணக்கர், சாப்பாட்டு மேசையிலிருந்த காகிதத்தையே மடித்துச் செருகியிருந்தார். வாசனையின் பையிலிருந்து பளபளவென்று ஒரு பட்டு வழிந்தது.

"என்ன சார், நெஞ்சுல பலகை மாட்டியிருக்கீங்க?"

"ஒரிஜினல்," என்றார் சொட்டு சார்.

முதலாளி படம் எடுத்துக்கொள்ள அவரைப் பக்கத்தில் அழைத்தது நல்ல சகுனமாகத் தெரிந்தது. சுவரை ஒட்டி நின்றார்கள். எதிரே நின்ற முதலாளியின் மனைவி சுவரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், சொட்டு சாரைப் பார்த்தார். சொட்டு சாரின் கோட்டில் ஓட்டை விழுந்து, அது வழியாகப் பின்சுவர் தெரிவதுபோல் இருந்தது. முதலாளியின் பையில் இருந்த கைக்குட்டையோ, பாத்திரம் கழுவிய தண்ணீர். அந்த அம்மாள் வெளிநாட்டில் தேடி வாங்கி வந்தது அது.

"ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கே. எது நம்ம கலர்? நீங்கதானே கலந்தீங்க, சொல்லுங்க."

தன்னுடையது சரி என்றால் அந்த அம்மாள் வாங்கியது தப்பு, நாற்காலி போச்சு. முதலாளியுடையது சரி என்றால் தான் கலந்தது தப்பு, அப்போதும் போச்சு. அவர் வாயைத் திறப்பதற்குள் வாசனை முந்திக்கொண்டார்.

"மேடம் வாங்கினதுதான் கரெக்ட். சுவத்துக்கு அடிச்சதுலதான் எங்கயோ தவறியிருக்கு."

பணியில் சேர்ந்த நாளிலிருந்து நிறத்தைப் பற்றி ஒரு பொய் சொன்னதில்லை சொட்டு சார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்," என்றார். "லைட்டுதான் சரியில்ல."

"நானும் அதேதான் நெனச்சேன்," என்றார் முதலாளி, பெரிய பாரம் இறங்கியவராக.

மண்டபப் பொறுப்பாளர் ஓடி வந்து மஞ்சளை அணைத்து வெள்ளையைப் போட்டார். முதலாளியின் நெஞ்சிலிருந்த வானம் இளஞ்சிவப்பாக மாறியது. எல்லாரும் சொட்டு சாரைப் பார்த்தார்கள்.

"இது அத விட மோசமான லைட்," என்றார். முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது.

ஓரத்து விளக்குகளை அணைத்தார்கள். அவர் தலையாட்டவில்லை. நடுவில் இருந்ததையும் அணைத்தார்கள். கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய ஒன்று மட்டும் மிஞ்சியது. கணக்கரின் காகிதம் உட்பட மண்டபத்திலிருந்த எல்லாக் கைக்குட்டைகளும் ஒரே கருப்பாயின.

"இப்பதான் சரியா இருக்கு," என்றார் முதலாளியின் மனைவி. கைதட்டல் எழுந்தது.

எழுதி வைத்திருந்த பேச்சை இருட்டில் படிக்க முடியாததால் முதலாளி வாய்க்கு வந்ததைப் பேசினார். சிக்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரே தலைவர் என்று சொல்லி, சொட்டு சாரின் கையைத் தேடி, பக்கத்தில் நின்ற வாசனையின் கையைப் பிடித்து, பிறகு சரியான கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திங்கட்கிழமை காலையில் சொட்டு சார் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தடவை சுழன்றும் பார்த்தார். மேசைமேல் ஓர் உறை இருந்தது. உள்ளே முதலாளியின் கைக்குட்டை. இனி டப்பாவில் போகும் நிறம் இதைப் போல இருக்கட்டும், பெயர் பழைய பெயரே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவர் அதை விரித்து, மாதிரிப் பலகையின் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஜன்னல் திரையை நன்றாக இழுத்து மூடிவிட்டு வந்து கலக்க ஆரம்பித்தார்.