ஊதுபத்திப் புகை திரும்பிய வீடு

கடந்த செவ்வாய்க்கிழமை லண்டன் வால்தம்ஸ்டோவில் நான் ஓட்டும் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தபோது, பிலோமினா அக்காவிடமிருந்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. வேலை நேரத்தில் அழைப்பவர் அல்லர் அவர். திருப்பி எடுத்தேன். "தம்பி, இவர் விடியக்காலமை போயிட்டார்" என்றார். அவருடைய கணவர் மரியநாயகம் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் துக்கத்தோடு பயமும் வந்தது. அவர் இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

மன்னாரில் பிறந்த கத்தோலிக்கரான அண்ணை, இந்த ஊரில் நம்மவர் வீடுகளைச் சூடாக்கும் பொயிலர்களைப் பார்த்துத் திருத்தியவர். கருவிப் பையைத் திறக்கும் முன் சுடுதண்ணீர் ஓடும் ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மேலும் கீழும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "மேல குளிர் எண்டால் உள்ள காத்து. கீழ குளிர் எண்டால் சேறு" என்பார். முன்னால் சோபாவைப் போட்டு மறைத்திருந்தால் கோபம் வந்துவிடும். வீட்டுக்காரரைக் கேட்காமலே இழுத்துத் தள்ளுவார். "தண்ணி சூட்டைக் கொண்டுபோய் ஒவ்வொரு அறையிலயும் இறக்கிப்போட்டு வெறுங்கையோட திரும்பி வரவேணும். நீர் சோபாவுக்கு எல்லே சூடு காட்டுறீர்?" என்று என்னை ஏசியிருக்கிறார். பூசைப் பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

எங்கள் வீட்டுப் பொயிலர் பழையது. முன்னறையில், பழைய கணப்பு இருந்த இடத்தில் பொருத்தியிருந்தது. எரிவதற்கு வேண்டிய காற்றை அது அறைக்குள்ளிருந்தே எடுத்தது. எரிந்த புகை புகைபோக்கி வழியே மேலே போனது. அறைக்குள் காற்று வர வெளிச்சுவரில் உள்ளங்கை அளவில் ஒரு துளை இருந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் சோதிக்க வந்த அண்ணை அதைக் காட்டி, "நெருப்புக்கும் மூச்சு வேணும். இதால குளிர் வரும். வரட்டும், மூடிப்போடாதையும்" என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து மகள் பிறந்தாள். மனைவி ரஜனியும் குழந்தையும் முன்னறையில்தான் படுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று ரஜனியின் தாயான மாமி சன்னல் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்தார். அப்படியும் எங்கிருந்தோ குளிர் வருகிறது என்று நாள் முழுக்கப் புறுபுறுத்தார். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழியும் வரைதானே என்று நினைத்தேன். பழைய தலையணைப் பஞ்சை அந்தத் துளைக்குள் திணித்து, மேலே நாடா ஒட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டேன். செய்தது நான்தான். மாமிக்குக்கூடத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அண்ணை விருந்தாளியாக வந்தார். வீடு நிறையச் சனம். ரஜனி தலையிடி என்று சுவரில் சாய்ந்திருந்தாள். மாமிக்கும் ஒரு கிழமையாகத் தலையிடி. எனக்கும் இருந்தது, ஆனால் பஸ்ஸில் ஏறிய கொஞ்ச நேரத்தில் போய்விடும். நித்திரை இல்லாததால் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

"பிள்ளை எப்பிடி, நல்லா அழுகுதோ?" என்று அண்ணை கேட்டார்.

"சீ, தங்கமான பிள்ளை. ரெண்டு நாளாய் அழுறதே இல்லை, ஒரே நித்திரை" என்று மாமி பெருமையாகச் சொன்னார்.

அண்ணை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பொயிலரின் முன்னால் குனிந்து சுவாலையைப் பார்த்தார். நீலமாக இருக்க வேண்டியது மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. "மாமி, ஒரு ஊதுபத்தி கொளுத்தித் தாங்கோ" என்றார். வேதக்காரர் நம் சாமிக்குப் பத்தி காட்டப்போகிறார் என்று மாமி மகிழ்ந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணை அதைப் பொயிலரின் மேல்விளிம்பில் பிடித்தார். உள்ளே இழுபட்டு மேலே போக வேண்டிய புகை, வளைந்து எங்கள் முகத்துக்கே வந்தது.

"எல்லாரும் வெளியில! இப்பவே! அறை முழுக்க நச்சுக்காத்து!"

"பச்சை உடம்புக்காரியை இந்தக் குளிருக்கையோ? விசரோ உங்களுக்கு?" என்று மாமி வாசலை மறித்தார். எனக்கும் மானம் போனது போலிருந்தது. "அண்ணை, என்ர வீட்டு விசேசத்தைக் குழப்பாதையுங்கோ" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டார். எரிவாயுவை நிறுத்தினார், குழந்தையைச் சால்வையோடு வாரினார், தெருவுக்கு ஓடினார். குளிர் காற்றில் அவர் அவளுடைய உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி, "அழு மோனை, அழு" என்று கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது. அம்புலன்ஸ் வந்து ஒக்சிசன் கொடுத்த பிறகுதான் அவள் வீரிட்டாள். ரஜனியும் மாமியும் அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் தேறினார்கள்.

அன்று அங்கிருந்து நானும் அண்ணையும் மட்டும் வீட்டுக்குப் போனோம். அவர் நேரே திரைச்சீலையை விலக்கி, பஞ்சை இழுத்தெடுத்து, என்னைப் பார்த்தார். நான் சுவரோடு இருந்து அழுதேன். அவர் பொயிலரில் 'பாவிக்கக்கூடாது' என்ற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுச் சோதனைத் தாளை எழுதினார். சுவர்த் துளை உள்ளேயிருந்து அடைக்கப்பட்டிருந்தது என்று அதில் ஒரு வரி. மஞ்சள் பிரதியை என்னிடம் நீட்டினார். "இதில பொய் எழுத ஏலாது. ஆருக்குக் காட்டுறது எண்டது உம்மட விருப்பம்."

நான் ஒருவருக்கும் காட்டவில்லை. "மூண்டு மாதத்துக்கு முன்னம் இவர்தானே சோதிச்சவர்" என்று மாமி தொடங்கிய கதை லண்டனின் மறுபக்கத்து டூட்டிங் வரை போனது. பல வீடுகள் அவரைக் கூப்பிடாமல் விட்டன. போகிற இடமெல்லாம் துளையை மூடாதீர்கள் என்று அவர் சொன்னதையும், தன் பிழையை மறைக்கச் சொல்கிறார் என்றார்கள். ஒரு கலியாண வீட்டில், "பொயிலர் அண்ணை வாறார், சன்னலைத் திறவுங்கோ" என்று யாரோ பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மகள் எப்பிடி? நல்லா அழுறாளோ?" என்று மட்டும் கேட்டார். எப்போது கண்டாலும் அதையே கேட்பார்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பிறகொருநாள் கேட்டேன். "எனக்கு வேற வீடுகள் கிடைக்கும். உமக்கு இந்த வீடு ஒண்டுதானே" என்றார். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. பன்னிரண்டு வருடம் அதற்குள் ஒளிந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

அவரைத் தெரிந்தவர்களே, அவர் சோதித்ததில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னுடையது.

இப்போதுள்ள பொயிலர் காற்றை வெளியிலிருந்தே எடுக்கிறது. துளையை இனி மூடலாம் என்று அண்ணையே சொன்னார். நான் மூடவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதால் வரும் குளிரும் அந்த மஞ்சள் தாளும்தான். நல்லடக்கத்தன்று காலையில் தாளை மேசையில் விரித்து, ரஜனிக்கும் மகளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ரஜனி எழுந்து உள்ளே போனாள். இன்னும் என்னோடு கதைக்கவில்லை. மகள் அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். பிறகு அழுதாள். நல்லா அழுதாள், அண்ணை.