பிரேக்கை மிதித்த கால்

பக்கவாதம் என் வலது பக்கத்தை இழுத்துக்கொண்ட வாரமே, என் காரின் சாவியை மச்சான் எடுத்துக்கொண்டார். மனைவியின் அண்ணன். "பத்திரமா நான் வச்சிருக்கேன் மச்சான்" என்றார். பிறகு தினமும் என் காரிலேயே கடல் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்தார். நான் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேசத் தெரிந்தவர்கள் பேசட்டும் என்று ஒதுங்கியே பழகிவிட்டேன்.

ஆனால் காது நன்றாகக் கேட்கும். ஒருநாள் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, மச்சான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவரா? அவரு காடி எடுத்தா ரோட்டுல போறவனுக்கெல்லாம் கருமாதிதான் லா." இருவரும் சிரித்தார்கள். நான் சன்னலுக்கு உள்ளே இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மனைவியின் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அதன் மிதியை லேசாக அழுத்தினால் ஊசி மெதுவாக இறங்கும். கால் கொஞ்சம் உதறினாலும் கடகடவென்று ஓடும். ஒவ்வொரு தையலாக விழும்வரை வலது காலைப் பழக்கினேன். பல மாதம் ஆனது. கடைசியில் மருத்துவர் சோதித்துப் பார்த்து, ஓட்டலாம் என்று கடிதம் கொடுத்தார்.

தனியாகக் கேட்டால் சாவி வராது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த நாளில் கேட்டேன்.

"கோயில்ல பூசை போட்டுட்டு எடுக்கறேன் மச்சான். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் நீங்கதான் வைக்கணும்."

எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் மைத்துனன் மரியாதையைச் சண்டைபோட்டு வாங்குகிறவர். எல்லோர் முன்னாலும் மறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் பூசாரி சூடம் காட்டினார். நான் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரையும் மாற்றினேன். மச்சான் முன் சக்கரத்தருகே குனிந்தவர், அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"காடி பார்க்கிங்லதான இருக்கு?"

"டிரைவ்ல இருக்கு, விட்டா நகரும். பிரேக்க மிதிச்சிருக்கேன்."

"எந்தக் கால்ல?"

"இழுத்துக்கிச்சே, அந்தக் கால்ல."

"பார்க்கிங்ல போடுங்க" என்று பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி முணுமுணுத்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

பழம் அவர் கையிலிருந்து நழுவி வண்டிக்கு அடியில் உருண்டது. முழங்காலிட்டு, தலையைச் சக்கரத்தோடு ஒட்டித் துழாவினார். "மெதுவா வைங்க, அவசரமில்ல" என்றார் பூசாரி. என் கெண்டைக்கால் வலியில் துடித்தது. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் மூணு இருக்கு மச்சான்" என்றேன்.

நான்கையும் வைத்துவிட்டு அவர் சுவரோரம் போய் நின்ற பிறகே காலைத் தளர்த்தினேன். பழங்கள் நசுங்கின. கண்ணாடியில் பார்த்தேன்: வெள்ளை வேட்டியின் இரண்டு முழங்காலிலும் தார்க்கறை. அதை இன்று நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.